கீழ்மடைக்குத் திறந்த தண்ணீர்

1

எனக்கு வயது எழுபத்து மூன்று. பெற்றது ஐந்து, வளர்த்து ஆளாக்கியது நான்கு. மூன்று பேர் உத்தமபாளையத்தைச் சுற்றித்தான் இருக்கிறார்கள். கூப்பிட்டால் மத்தியானச் சோற்றுக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். கடைசி மகன் செல்வராசு மட்டும் இங்கிலாந்துக்கு வந்தவன். அவனோடும் அவன் மகள் ரித்திகாவோடும் நான் இப்போது ஒரு படகில் இருக்கிறேன்.

படகு ஓடவில்லை. கால்வாயில் தண்ணீர் வற்றி, சேற்றில் உட்கார்ந்து, இடது பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. பென்சிலைக் கீழே வைத்தால் உருண்டு போகிறது. தட்டில் ரசம் ஊற்றினால் ஒரு ஓரத்துக்கே ஓடுகிறது. தண்ணீர் வற்றியதற்குக் காரணம் நான்தான். இந்தக் கரையில் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறவர்கள் வரைக்கும் அது தெரியும். மறைக்க ஒன்றுமில்லை.

நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. பிள்ளைகள் தலையெடுத்த பிறகு எங்கள் ஊர் அனுமந்தன்பட்டியில் சாயங்கால வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டக் கற்றேன். இனிமேல் எங்கேயும் கைநாட்டு வைக்கமாட்டேன் என்ற ரோசத்தில் கற்றது. கையெழுத்துக்கும் பேருந்துப் பலகைக்கும் அது போதுமாக இருந்தது. இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. என் மூத்த மகள்தான் எழுதச் சொன்னவள். "நீ எழுதி அனுப்பும்மா, ஊர்ல எல்லாரும் கேக்குறாக" என்றாள். பிழை இருந்தால் அவள் திருத்திக்கொள்ளட்டும்.

2

ஊரில் எல்லாரும் கேட்பதற்குக் காரணம் ஒரு போட்டோ. சித்திரை பிறந்த அன்று ரித்திகா எடுத்து அனுப்பியது. சிவப்பும் பச்சையுமாகப் படகு, பக்கத்துப் பலகையில் ரோசாப்பூ வரைந்திருக்கும். கரையெல்லாம் மஞ்சள் பூ. நான் கம்பளிச் சட்டைக்கு மேல் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு முன்பக்கம் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்றைக்கே என் நாத்தனார் பேச்சியம்மாள் வீடியோவில் வந்துவிட்டாள்.

"என்ன மதினி, தேக்கடியில ஒரு ரவுண்டு போட்ல போக நாங்க வரிசையில நின்னு காயுறோம். நீக என்னடான்னா போட்லயே குடி போயிட்டீகளாமே!"

"ஆமாடி. யானை ஒண்ணுதான் இன்னும் கரைக்கு வரல."

"அங்கன பூவெல்லாம் எம்புட்டு அழகா இருக்கு! ராணி கணக்கா உக்காந்திருக்கீக மதினி."

"கக்கூஸ் டப்பாவ வாரத்துக்கு ரெண்டு தரம் தூக்கிட்டுப் போயி ஊத்துற மகன் எந்த ராணிக்கு இருக்கான்டி?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள். நிசமாகவே அப்படித்தான். இந்தப் படகின் நீளம் நம்மூர்ப் பேருந்தைவிடக் கூடுதல். அகலம், நான் கையை விரித்தால் இரண்டு சுவரும் தொடுகிற அளவு. அதற்குள் அடுப்படி, படுக்கை, குளியல், கரி போடும் இரும்பு அடுப்பு எல்லாம் வரிசையாக இருக்கிறது. ஒருவர் எழுந்து நடந்தால் மற்றவர் ஒதுங்க வேண்டும். குடிதண்ணீரைக் கரையில் குழாய் இருக்கும் இடத்தில் நிறுத்திப் பிடிக்க வேண்டும். எஞ்சினைப் போட்டுப் போனாலும் நடக்கிற வேகம்தான். கரையில் ஒரு கிழவி தள்ளுவண்டியோடு எங்களைத் தாண்டிப் போனாள். போகிற போக்கில் எனக்குக் கையாட்டவும் செய்தாள்.

இளவேனில் அழகில்லை என்று சொல்லமாட்டேன். அழகுதான். முள்ளுச் செடி முழுக்க வெள்ளைப் பூ. வரப்பு மாதிரி மேட்டில் ஆட்டுக்குட்டிகள் துள்ளுகின்றன. நாணலுக்குள் அன்னப்பறவை கூடு கட்டி உட்கார்ந்திருக்கிறது. படகு கிட்டே போனால் பாம்பு மாதிரிச் சீறுகிறது. ஆனால் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கிறவளுக்குப் பூ என்ன செய்யும்?

3

அந்த நெருப்பைச் சொல்கிறேன்.

செல்வராசு கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தான். ஆட்குறைப்பில் அது போயிற்று. வேலை போனதிலிருந்து பேச்சும் போயிற்று. மருமகள் சுபா ஆஸ்பத்திரியில் நர்ஸ். நல்ல பெண். இதை என் மகன் முகத்துக்கு நேராகவே சொல்வேன். பேசாத மனிதனோடு அவளும் எத்தனை காலம் தனியாகப் பேசிக்கொண்டிருப்பாள்? பிரிந்துவிட்டார்கள். வீட்டை விற்றார்கள். தன் பங்கில் இவனால் வாங்க முடிந்தது இந்தப் படகுதான். ரித்திகா அங்கே பாதி நாள், இங்கே பாதி நாள்.

சொந்தமாகக் கட்டுமிடம் இல்லாத படகு இந்த நாட்டில் ஒரே இடத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். முகவரி கிடையாது. முகவரி இல்லாதவனுக்குப் பாங்கியில் ஒரு கேள்வி, டாக்டரிடம் ஒரு கேள்வி, பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு கேள்வி. ஆடு மேய்க்கிறவனுக்குக்கூட நம் பக்கம் கிடை போடும் ஊர் ஒன்று உண்டு.

இப்போது சுபாவுக்கு ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்திருக்கிறது. மகளைக் கூட்டிப் போகிறேன் என்கிறாள். விடமாட்டேன் என்று இவன் கோர்ட்டுக்குப் போனான். பிள்ளை உன்னோடு இருந்தால் எங்கே தூங்கும், எந்த முகவரியில் இருக்கும் என்று ஒரு அதிகாரி அம்மா வந்து பார்ப்பார், பிள்ளையிடம் தனியாகப் பேசுவார் என்று சொல்லிவிட்டார்கள். அதற்காக ரித்திகாவின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், தபால் வரும் முகவரியோடு, நிரந்தரமாக ஒரு கட்டுமிடம் பிடித்தான். அந்த அம்மா வருவதற்குள் படகு அங்கே நிற்க வேண்டும். அதனால்தான் இந்த ஈஸ்டர் விடுமுறையில் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு நடக்கிற வேகத்தில் வந்துகொண்டிருந்தோம். பேச்சியம்மாள் நினைக்கிற மாதிரிச் சுற்றுலா இல்லை.

எனக்கு விசாவில் கொடுத்தது ஆறு மாதம். அது முடியப் போகிறது. நீட்டிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. எஞ்சினை நிறுத்திய பிறகு செல்வராசு உள்ளே வரமாட்டான். படகின் வால் பக்கம் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பான். மீன் பார்க்கிறவன் அப்படி நிற்கமாட்டான். பெற்றவளுக்குத் தெரியும். நான் வந்த கொஞ்ச நாளிலேயே என் படுக்கையைப் பின்கதவுக்குக் குறுக்கே போட்டுக்கொண்டேன். கேட்டதற்கு, அங்கேதான் காற்று வருகிறது என்றேன். குளிர்காலத்தில் யார் காற்றுக்கு ஆசைப்படுவார்கள்? அவனும் நம்பவில்லை. நானும் நம்ப வைக்கவில்லை.

4

கால்வாய் மேட்டில் ஏறும் இடங்களில் செங்கல்லில் ஒரு தொட்டி கட்டி, முன்னும் பின்னும் பெரிய மரக்கதவு வைத்திருக்கிறார்கள். லாக் என்று பெயர். படகு உள்ளே போனதும் கீழ்க்கதவை அடைத்துவிட்டு மேல்பக்க ஷட்டரைத் திறந்தால், தண்ணீர் நிறைந்து படகு தானாக மேலே வந்துவிடும். ஷட்டரை ஒரு வளைந்த இரும்புக் கைப்பிடியால் சுற்றித் தூக்க வேண்டும். நம் வாய்க்கால் ஷட்டருக்கு அது தம்பி.

முதல் நாளே அந்தக் கைப்பிடியை நான் வாங்கிக்கொண்டேன். படகோட்டத் தெரியாது, இங்கிலீஷ் தெரியாது. தண்ணீர் திறக்கத் தெரியாதா? நம் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் வந்ததே ஒரு வெள்ளைக்காரர் மலையில் அணை கட்டியதால்தான். அவர் படத்தை வீட்டில் மாட்டிப் பொங்கல் வைக்கிறோம். அவர் நாட்டுத் தண்ணீரை இன்றைக்கு நான் திறந்துவிடுகிறேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. கரையில் போகிறவர்கள் நின்று சேலை கட்டினவள் ஷட்டர் சுற்றுவதைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் வேகமாகச் சுற்றினேன்.

படகு சேற்றில் உட்காருவதற்கு முந்தின நாள் வரிசையாகப் பல லாக் ஏறி, கடைசி லாக்குக்கு மேலே படகைக் கட்டினோம். செல்வராசு தலைவலி என்று படுத்துவிட்டான். வெளிச்சம் இருந்தது, இங்கே சாயங்காலம் லேசில் முடியாது. எங்களுக்குப் பின்னால் டெரிக் என்று ஒரு கிழவர், ஒரு நாயோடு தனியாக, தன் படகில் வந்துகொண்டிருந்தார். அவர் நடந்து வந்து முழங்காலைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார்.

"அவர் போட் ஸ்டக் ஆயிடுச்சாம் அப்பத்தா," என்றாள் ரித்திகா. "கீழ தண்ணி ரொம்பக் கம்மியாம். மார்னிங் யாராவது வருவாங்கன்னு சொல்றார்."

"காலையிலயா? அதுவரைக்கும் மனுசன் சாஞ்சு கெடப்பாரா?"

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். தன் வயல் நனைந்ததும் மடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவனை யாரும் மதிக்கமாட்டார்கள். கீழ்வயலுக்குத் திருப்பிவிட்டுத்தான் மண்வெட்டியைக் கழுவ வேண்டும். விடிய விடிய ஓடட்டும் என்று விட்டுவிட்டு வருவோம். என் வீட்டுக்காரர் காய்ச்சலில் கிடந்த ஒரு முறை நானே போய்த் திருப்பிவிட்டு வந்திருக்கிறேன். இங்கே நாங்கள் தொட்டி தொட்டியாகத் தண்ணீரை வாங்கி ஏறி வந்துவிட்டோம். கீழே இருப்பவருக்கு இல்லை.

கைப்பிடியை எடுத்தேன். ரித்திகா கூடவே வந்தாள்.

"அப்பாகிட்ட கேக்கவா அப்பத்தா?"

"அவனத் தூங்க விடு. தண்ணி விடுறதுக்கு ஒங்கப்பன்கிட்ட உத்தரவு வாங்கணுமாக்கும் நானு?"

மேல் ஷட்டரை ஒரு சாண், கீழ் ஷட்டரை ஒரு சாண் தூக்கினேன். நுரைத்துக்கொண்டு போயிற்று. கொஞ்ச நேரத்தில் கீழே டெரிக்கின் படகு நிமிர்ந்தது. அவர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். மனசு குளிர்ந்து, ஷட்டரை அப்படியே விட்டுவிட்டு வந்து படுத்தேன். இந்த ஆறு மாதத்தில் நான் நன்றாகத் தூங்கியது அன்றைக்குத்தான்.

5

காலையில் எவர்சில்வர் குண்டா உருண்டு வந்து என் தலையில் இடித்தது. எழுந்தால் நிற்க முடியவில்லை. சன்னலில் தண்ணீர் தெரியவில்லை, சேறு தெரிந்தது. நம் மேல்வாய்க்காலுக்கு அணையிலிருந்து வந்துகொண்டே இருக்கும். இங்கே அப்படி இல்லை. படிப்படியாகத் தேக்கி வைத்த தண்ணீர். விட்டால் விட்டதுதான். மேலே இருந்து யாராவது கொடுக்கும் வரை திரும்பி வராது. அது எனக்குத் தெரியவில்லை.

செல்வராசு சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"ஆத்தா, என்னத்தச் செஞ்ச?"

"கீழ இருக்குறவருக்குத் தண்ணி விட்டேன்."

"யாரு விடச் சொன்னா?"

"ஒருத்தர் சொல்லித்தான் விடணுமாலே?"

"இது அனுமந்தன்பட்டி வாய்க்கா இல்ல ஆத்தா!"

படகே அதிரக் கத்தினான். ஆறு மாதமாக அவன் குரலை நான் அவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை. பிறகு சாய்ந்த தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான். ரித்திகாவும் சிரித்தாள், நானும் சிரித்தேன். நாங்கள் நிறுத்திய பிறகும் அவன் நிறுத்தவில்லை. அப்புறம்தான் அது சிரிப்பில்லை என்று தெரிந்தது. ரித்திகா எழுந்து போய்த் தன் படுக்கையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

டெரிக் ஒரு டப்பா பிஸ்கட்டோடு மேலே வந்தார். இத்தனை வருசத்தில் தனக்காக யாரும் இவ்வளவு தண்ணீர் விட்டதில்லை என்று சொன்னாராம். கால்வாய் ஆட்கள் இரண்டு பேர் மஞ்சள் சட்டையில் வந்தார்கள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். மேலே உள்ள ஏரியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும், இரண்டு நாள் பொறுங்கள் என்றார்கள்.

எங்களுக்குத்தான் நாள் இல்லை. செல்வராசு கரையில் நடந்துகொண்டே போன் போட்டான். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று மெஷின் பேசியது. அப்புறம் பாட்டுப் போட்டது. மத்தியானம்தான் அந்த அதிகாரி அம்மா கிடைத்தார். கட்டுமிடத்துக்கு வர முடியாவிட்டால் பரவாயில்லை, படகு எங்கே இருக்கிறதோ அங்கேயே நான் வருகிறேன் என்று சொன்னாராம்.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "சேத்துக்குள்ள சாஞ்சு கெடக்குற போட்டப் பாக்க வாராக ஆத்தா. இதுக்குள்ளதான் எம்புள்ளய வளக்கப் போறேன்னு காட்டணும்."



6

இது இன்று காலையில் நடந்தது. கால்வாய் ஆட்கள் சொன்ன இரண்டாவது நாள். அந்த அம்மா நாளைக்கு வருகிறார்.

செல்வராசு கரி வாங்கப் போயிருந்தான். நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். ரித்திகா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பதினொரு வயது. தமிழ் பேசுவாள், சனிக்கிழமை வகுப்பில் எழுத்தும் படித்திருக்கிறாள். ஆனால் மனசில் உள்ளதைச் சொல்லும்போது இங்கிலீஷில்தான் சொல்வாள். இன்றைக்குத் தமிழில் ஆரம்பித்தாள். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அப்பத்தா, ஒண்ணு சொன்னா அப்பாகிட்ட சொல்ல மாட்டேன்னு ப்ராமிஸ் பண்ணுங்க."

"சத்தியமெல்லாம் வாங்காத தாயி. கேட்டுட்டுத்தான் என்னன்னு சொல்லுவேன்."

கொஞ்ச நேரம் உருளைக்கிழங்குத் தோலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "நாளைக்கு அந்த லேடி கேட்டா, நான் அம்மாகூடப் போறேன்னு சொல்லப் போறேன்."

கத்தியைக் கீழே வைத்தேன். அது சறுக்கிக்கொண்டு போயிற்று.

"போட்டு சாஞ்சதுனாலயா? அது நான் செஞ்சது தாயி. ஒங்கப்பன் மேல தப்பில்ல."

"இல்ல அப்பத்தா. போட் பிடிக்கும். அப்பாவையும் பிடிக்கும்." அவள் குரல் அடங்கிவிட்டது. "அப்பா ராத்திரி முழிச்சிருக்கிறது எனக்குக் கேக்கும். நானும் முழிச்சிருப்பேன். அப்பா வாட்டர்ல விழுந்துருவாரோன்னு. நீங்களும் முழிச்சிருக்கீங்க. எனக்குத் தெரியும். நீங்க ஊருக்குப் போயிட்டா நான் மட்டும்தான் முழிச்சிருக்கணும். என்னால முடியாது அப்பத்தா."

நான் கதவுக்குக் குறுக்கே படுத்து ஒரு ஆளைக் காவல் காக்கிறேன் என்று நினைத்திருந்தேன். எனக்குப் பின்னால் ஒரு பச்சைப்பிள்ளையும் காவலுக்குக் கிடந்திருக்கிறது.

"நான் போயிட்டா அப்பா விழுந்துருவாரா?"

என் நாக்கு நுனியில் ஒரு வார்த்தை வந்தது. இருந்துவிடு, ஒங்கப்பனுக்கு வேறு யாரும் இல்லை. ஒரு வார்த்தை போதும். அந்தப் பிள்ளை இருந்துவிடும். நாளைக்கு அந்த அம்மாவிடம் அப்பாதான் வேண்டும் என்று சொல்லிவிடும். என் மகன் பிழைத்துக்கொள்வான். நான் நிம்மதியாக விமானம் ஏறுவேன். சாமி சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வார்த்தை வாயில் நிறைந்து நின்றது. பல்லைக் கடித்து அடைத்தேன்.

"அது ஒன் வேலை இல்ல தாயி," என்றேன். "ஒங்கப்பனக் காக்குறது பெரியவுக வேலை. நீ தூங்கு. நீ எங்கன இருந்தாலும் ராத்திரி தூங்கு."

என் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். அவள் முடியில் கரிப்புகை வாசம்.

7

மத்தியானத்திலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. சத்தமே இல்லாமல், சேற்றின் மேல் ஒரு பளபளப்பு மாதிரி முதலில் வந்தது. இப்போது படகின் அடியில் ஏதோ முனகுகிறது. கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறோம். பென்சில் மெதுவாகத்தான் உருளுகிறது.

செல்வராசு வந்துவிட்டான். முதுகைக் காட்டி உட்கார்ந்து அடுப்புக்குக் கரி அள்ளிப் போடுகிறான். நாளைக்காக மேசையைத் துடைத்து, ரித்திகாவின் படுக்கைக்குப் புது விரிப்புப் போட்டிருக்கிறான். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

மகளே, நீ ஊரில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டத்தான் இதை எழுதச் சொன்னாய். பூவையும் அன்னத்தையும் எழுதத்தான் ஆரம்பித்தேன். எழுத எழுத வேறு ஆளுக்கு எழுதுகிறேன் என்று தெரிந்துவிட்டது. செல்வராசு, இது உனக்கு. உன் மகள் போகப் போகிறாள் என்பதை நாளைக்கு ஒரு அதிகாரி வாயால் நீ முதல் தடவையாகக் கேட்கக் கூடாது. உன் வீட்டு ஆட்கள் வாயால் கேட்க வேண்டும். இன்னொன்றையும் கேள். நாளைக்கு அந்த அம்மாவிடம் நானும் பேசுவேன். நீ வால் பக்கம் நிற்பதைச் சொல்வேன். என் மகனுக்கு டாக்டர் வேண்டும் என்று கேட்பேன். அதனால் உன் கேஸ் தோற்றுப் போகும் என்றால் போகட்டும். என்னைக் காட்டிக்கொடுத்தவள் என்று சொன்னாலும் சொல்லிக்கொள். நான் வளர்த்தது நான்கு. நான்கும் எனக்கு வேண்டும்.

இதை நானே எழுந்து அவனிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பிள்ளைக்கும் வாய் வரவில்லை. எழுதியதை வாசிக்க அவளுக்கு வாய் வரும் என்று நினைக்கிறேன். தாள் மேல் கண்ணை வைத்துக்கொள்ளலாம். அவன் முகத்தைப் பார்க்க வேண்டாம். நீ வாசிக்கிறாயா என்று ரித்திகாவிடம் கேட்டேன். என்ன எழுதியிருக்கிறேன் என்றும் சொன்னேன். ரொம்ப நேரம் தன் அப்பாவின் முதுகைப் பார்த்தாள். அப்புறம் தலையாட்டினாள்.

ரித்திகா, இங்கன வா தாயி. என் பக்கத்துல உக்காரு. முதல் வரியில இருந்து வாசி. எழுத்துத் தட்டுனா நின்னு கூட்டி வாசி, அவசரமில்ல. கடைசிப் பக்கம் வரும்போது என் கையப் பிடிச்சுக்க. சத்தமா வாசி ஆத்தா, ஒங்கப்பனுக்குக் கேக்கணும்.